சாரல் எட்டாத தாலுகா

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு மேற்கு ஒன்றுதான் திசை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு விரைகிற கூட்டம், இந்த மாவட்டம் கிழக்கே எதுவரை நீள்கிறது என்று யோசிப்பதில்லை. சுரண்டை, சங்கரன்கோவில் எல்லாம் தாண்டி, விருதுநகர் மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் வந்து முட்டுகிற இடம்வரை அது போகிறது. அந்தக் கிழக்கு விளிம்பில் இருப்பது திருவேங்கடம் வட்டம். அங்கே போய்ச் சாரலைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் தென்காசிப் பக்கம்லா" என்று முடித்துவிடுவார்கள். அவர்களும் இப்போது தென்காசிப் பக்கம்தான் என்பது பேச்சில் இன்னும் ஏறவில்லை.

சுரண்டை வழியாகப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் புவியியல் பாடம் இலவசம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, செங்கோட்டைக் கணவாயில் நுழையும்போது மிச்சமிருக்கும் ஈரத்தைக் குற்றாலத்திலும் தென்காசியிலும் தெளித்துவிடுகிறது. சேர்ந்தமரம், வீரசிகாமணி என்று ஊர்கள் கடக்கக் கடக்க, காற்றில் ஈரம் போய் வேகம் மட்டும் மிஞ்சுகிறது. தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நட்டதற்கு அந்த வேகம்தான் காரணம். வீரசிகாமணியில் பாறையைக் குடைந்த கோயில் ஒன்று இருக்கிறது; அதுவரை மண் செம்மை கலந்தே இருக்கும். சங்கரன்கோவிலைத் தாண்டியதும் நிறம் மாறுகிறது. வரப்பு தெரியாத, மரம் அதிகமில்லாத, கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்துக் கிடக்கிற வெளி. கரிசல்.

நான் போனது ஆடியில். பூமி வாய் பிளந்து கிடந்தது. வெடிப்புகளில் சில, முழங்கை வரை உள்ளே விடலாம் போல ஆழம். இந்த மண்ணின் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழை பெய்யும்போது வெடிப்பு வழியாகத் தண்ணீர் அடிவரை இறங்கி, மேலே மண் உப்பி மூடிக்கொண்டதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நல்ல மழை கிடைத்தால் போதும், அந்த ஈரத்தைக் கொண்டே ஒரு வெள்ளாமை எடுத்துவிடலாம். கிணறும் கால்வாயும் இல்லாமல் மானாவாரியாக இத்தனை நூற்றாண்டுகள் இங்கே ஜனம் பிழைத்ததற்கு இந்தக் களிமண்தான் காரணம். ஆனால் அதே களிமண் வீடு கட்டுகிறவனைக் கொல்லும். அஸ்திவாரத்தை ஆழத் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு வேறு மண் நிரப்பாமல் கட்டினால், சுவர் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோடு வாங்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் புது வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் கொத்தனாரைத் திட்டுவதா மண்ணைத் திட்டுவதா என்பது தீராத வழக்கு.

கறுப்பு மண் என்றதும் படித்தவர்களுக்கு ரஷ்யா நினைவுக்கு வரும். வரோனெஷ், தம்போவ், கூர்ஸ்க் பகுதிகளின் செர்னோசெம் மண்ணைப் பற்றி ரஷ்ய அறிஞர் தொகுச்சாயெவ் 1883இல் எழுதிய நூலிலிருந்துதான் மண்ணியல் ஒரு தனி அறிவியலாக எழுந்தது. ஆனால் அந்தக் கறுப்பு வேறு, இந்தக் கறுப்பு வேறு. அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாகப் புல் மக்கிச் சேர்ந்த கறுப்பு. ஒரு மீட்டர் ஆழம்வரைகூட மக்குச் சத்து. நம் கரிசலில் மக்கு குறைவு. நிறத்தைப் பார்த்து வளம் என்று நம்பி ஏமாறக் கூடாது. அதனால்தான் கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் பேசி ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். இரவெல்லாம் ஆடு அடைந்து கிடந்த காட்டுக்கும் அடையாத காட்டுக்கும் விளைச்சலில் தெரியும் வித்தியாசத்தை எந்தச் சம்சாரியும் சொல்வார்.

மண்ணைவிட எனக்கு ரஷ்யாவில் சுவாரசியமாகப் பட்டது அங்கே தாலுகாக்களைப் படுத்திய பாடு. ஜார் காலத்து ‘உயெஸ்த்’ வட்டங்களை எடுத்துவிட்டு, 1920களில் சோவியத் ஆட்சி ‘ராயோன்’ என்ற நிர்வாக வட்டங்களை உண்டாக்கியது. 1962–63இல் குருஷேவ் அவற்றில் பலவற்றை ஒழித்துப் பெரிதாக இணைத்தார். அவர் பதவி போனதும், ஒழித்தவற்றில் பலவற்றைத் திரும்ப உண்டாக்கினார்கள். கோதுமை விளைகிற ஊரில் இருந்தவருக்கு, தன் பிறப்புச் சான்றை எந்த ஊரில் வாங்குவது என்பது மாஸ்கோவில் யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. திருவேங்கடத்துக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இது எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும்கூட அதில்தான். 1910இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளை வெட்டி ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள்; சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தப் பக்கம் போயின. திருவேங்கடத்துக்கு வடக்கே ஒரு கோடு விழுந்தது. 1985இல் அந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டமானது. 1986இல் திருநெல்வேலியைப் பிரித்துத் தூத்துக்குடியைத் தலைநகராக்கி வ.உ.சிதம்பரனார் மாவட்டம் பிறந்தபோது கோவில்பட்டி அங்கே போனது. கிழக்கே இன்னொரு கோடு. திருவேங்கடம், சங்கரன்கோவில் தாலுகாவின் ஒரு மூலையாகத் திருநெல்வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு சங்கரன்கோவிலிலிருந்து பிரித்துத் தனி வட்டமாக்கினார்கள். அந்தப் புது வட்டத்தின் பெயர்ப் பலகை பழசாவதற்குள் 2019 நவம்பர் 22இல் தென்காசி தமிழகத்தின் 33ஆவது மாவட்டமாகத் தொடங்கியது. எட்டு வட்டங்களில் ஒன்றாகத் திருவேங்கடமும் அதனுள் வந்தது.

நாடாளுமன்றத் தொகுதி இன்னும் வேடிக்கை. தென்காசித் தொகுதியில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உண்டு. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் இல்லை.

ஆனால் இளையரசனேந்தல் கதைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இளையரசனேந்தல் பிர்காவை 2008இல் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். கேட்டு வாங்கிய மாற்றம்தான். கோவில்பட்டி அவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் சேர்த்தது வருவாய்த்துறையை மட்டும். பிர்காவின் 12 ஊராட்சிகளும் பழையபடி குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திலேயே விடப்பட்டன. பட்டாவுக்குக் கோவில்பட்டி, சாலைக்கும் தெருவிளக்குக்கும் நூறு நாள் வேலைக்கும் குருவிகுளம். ஒரு கலெக்டர் தூத்துக்குடியில், இன்னொருவர் திருநெல்வேலியில். பிறகு அந்த இன்னொருவரும் தென்காசிக்கு மாறினார். ஒன்றியத்தையும் கோவில்பட்டியோடு சேர் என்று ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. ஒரு வெள்ளச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு மனு கொடுக்க வேண்டுமென்றால், எந்தக் கலெக்டருக்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோப்பில் ஒரு வரி விட்டுப்போனால் ஜனம் இரண்டு மாவட்டத்துக்கும் பேருந்துக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

திருவேங்கடம் ஒரு பேரூராட்சி. வட்டத் தலைநகர் என்றாலும் அகன்ற கிராமம்தான். தாலுகா அலுவலகம் வந்ததால் ஜெராக்ஸ் கடைகள் கூடியிருக்கின்றன; மனு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மானாவாரிச் சம்சாரிக்கு தாலுகா எதற்கு என்று கேட்கலாம். பயிர்க் காப்பீட்டுக்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்க வேண்டும். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழித்தால் மனு. மழை பொய்த்தால் மனு. பிள்ளைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று. அலுவலக வாசலில் வேப்பமரத்து நிழலில் காத்திருந்த பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, முன்னே சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டியிருந்ததே, இப்போ லேசுதானே?" என்றேன். "லேசுதாம்ப்பா. சின்ன வேலை இங்கயே முடியும். பெரிய வேலைன்னா தென்காசி. அதுக்கு ஒரு நாள் போச்சு" என்றார். சாமான் வாங்க எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை: "கோயில்பட்டி. இல்லைன்னா ராசபாளையம்." பெண் கொடுத்தது சிவகாசிப் பக்கம். ஆக, அவருடைய கடை ஒரு மாவட்டத்தில், சம்பந்தம் ஒரு மாவட்டத்தில், கலெக்டர் ஒரு மாவட்டத்தில்.

இந்த மூன்று பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது மண்தான். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விஸ்வநாத நாயக்கர் காலத்தில் பாளையங்கள் வகுக்கப்பட்டபோது, நெல்லைச் சீமையின் மேற்கே மலையடிவாரத்தில் சிவகிரி, நெற்கட்டும்செவல், சொக்கம்பட்டி, ஊத்துமலை என்று மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசலில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்று நாயக்கர் பாளையங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது இந்த வட்டாரம். விஜயநகரப் பேரரசின் காலந்தொட்டு ஆந்திரப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தெலுங்கு பேசும் குடிகள் கரிசலை விரும்பிக் குடியேறினார்கள். கறுப்பு மண்ணில் பருத்தியும் சோளமும் எடுக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. குருவிகுளம் ஜமீன் கண்டிக்கோட்டையின் பெம்மசானி வழி என்றும், இளையரசனேந்தல் ஜமீன் ராவெல்ல வழி என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நாயக்கன்பட்டி என்று முடியும் ஊர்களில் இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். பக்கத்துத் தெருவில் தமிழ் மட்டும். இந்தக் குடியேற்றத்தைத்தான் இடைசெவல் கி.ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இடைசெவல் தூத்துக்குடி மாவட்டம் என்பதால் அவர் எழுதியது திருவேங்கடத்துக்குப் பொருந்தாமல் போய்விடாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் அந்த ஜமீன்கள் போயின. அரண்மனை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் மட்டும் போகவில்லை.

பருத்தி இங்கே வெறும் பயிராக இருந்ததில்லை, பணமாக இருந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோது, திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது. 1885இல் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி நூற்பாலை வந்தது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினார்கள். குறு இழைக் கருங்கண்ணிப் பருத்தியில் நடந்த ஆய்வுகள் அங்கேதான். இன்று கருங்கண்ணியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. காட்டில் மக்காச்சோளம், உளுந்து, பாசி, கொஞ்சம் பருத்தி. மக்காச்சோளம் வந்ததற்குக் காரணம் கோழித்தீவனம். நாமக்கல் கோழிக்கு இங்கே விதைக்கிறார்கள். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது, கம்பும் சோளமும் விதைத்த காலத்தை நினைத்தவர்கள் பலர். நினைத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த புரட்டாசியிலும் மக்காச்சோளமே விதைத்தார்கள். சோளத்தட்டை தின்ன மாடு இல்லாத ஊரில் சோளம் எதற்கு?

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் தண்ணீரே அதிகம் இல்லை. மேற்கு மலையில் பிறந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாக வரும் நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்கிறது. ஆக, இந்த வட்டாரம் வைப்பாற்றுச் சீமை. தாமிரபரணிப் பாசனம் இங்கே எட்டிப் பார்த்ததில்லை. நெல்லையை நெல் விளையும் ஊராக மட்டும் நினைக்கிறவர்கள் கரிசல் பக்கம் ஒரு நடை வந்தால் நல்லது. கம்மாய்களில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. வைப்பாற்றின் அந்தக் கரையில், சில மைல் வடக்கே வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். அகழாய்வுக் குழி விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதால் அதைத் தங்கள் பழமையாகத் திருவேங்கடத்தில் யாரும் பேசிக் கேட்கவில்லை. 1910இல் போட்ட கோட்டுக்கு இவ்வளவு வலிமை.

இந்த வட்டாரத்துக் குறிஞ்சாக்குளம் என்ற ஊரின் பெயரைத் தமிழ்நாடு இரண்டு முறை கேட்டது. 1980 டிசம்பர் 31. நாராயணசாமி நாயுடு தலைமையிலான விவசாயிகள் சங்கம் மின்கட்டணத்தையும் கடன் ஜப்தியையும் எதிர்த்துப் போராடிய காலம். குறிஞ்சாக்குளத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு நான்கு வருடம் கழித்து, 1984 டிசம்பரில், கோவில்பட்டியில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோதே இறந்தார். அதே குறிஞ்சாக்குளம், 1992 மார்ச். காந்தாரி அம்மன் சிலை வைத்துக் கும்பிடும் இடம் பற்றிய தகராறில் தலித்துகள் நான்கு பேர் ஆதிக்கச் சாதியினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

உழவர் போராட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் தேதியை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். சாதிக் கொடுமையை எழுதுகிறவர்கள் இரண்டாவதை எழுதி முதலாவதை விடுகிறார்கள். ஊர் ஒன்று. அரசாங்கத்தின் முன்னால் கைகோத்து நிற்கத் தெரிந்த கரிசல் கிராமத்துக்குள், அம்மனுக்கு ஒரு முழ இடம் விட மனசு வரவில்லை. நிலம் யார் கையில், கூலி யார் கையில் என்பது தெரியாமல் இந்த வட்டாரத்தின் வரலாறு புரியாது. கரிசல் இலக்கியத்தை ருசித்துப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கலிங்கப்பட்டி இந்தப் பக்கத்தில் வெளியுலகத்துக்குத் தெரிந்த ஊர்; ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோவின் சொந்த ஊர். 2015 ஜூலை 31இல் மதுவிலக்குப் போராட்டத்தின்போது காந்தியவாதி சசிபெருமாள் இறந்தார். அடுத்த நாட்களில் கலிங்கப்பட்டி டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ஊரே திரண்டது; வைகோவின் தாயார், தொண்ணூறு வயதைத் தாண்டிய மாரியம்மாள், மறியலுக்கு முன்னால் உட்கார்ந்தார். தடியடி, கண்ணீர்ப்புகை என்று போனது. அந்த அம்மாள் அதே வருடம் நவம்பரில் காலமானார். கட்சி எதுவாக இருந்தாலும், அந்த வயதில் தெருவில் வந்து உட்காருவது கரிசல் கிழவிகளின் குணம் என்று சொன்னால் இந்தப் பக்கத்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

விடியுமுன் எழுந்தால் இன்றைய திருவேங்கடம் தெரியும். மில் வேன்கள் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் பக்கம் போகின்றன. பட்டாசு ஆலை வண்டிகள் சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம். இந்த வட்டாரத்துக்குள்ளேயே ஆலைகள் உண்டு. 2019 பிப்ரவரியில் வரகனூர் பட்டாசு ஆலை வெடித்ததில் உயிர்கள் போயின. ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய கைகள் இவை. மழை நம்பிக்கை இல்லாத பூமியில் பிறந்தவர்களுக்கு தீ வேலை வாரக்கூலி தந்தது. காடு வருடத்துக்கு ஒரு முறை தருவதாகச் சொல்லும், சில வருடம் தராது. இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஐப்பசி விதைப்புக்கு விடுப்பு போட்டு வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். டிராக்டர் வந்ததால் அதற்கும் தேவை குறைந்துவிட்டது.

எல்லைகளை அரசாங்கம் வரையட்டும். வரையும்போது ஒரு தாலுகாவின் மனிதர்கள் எந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள் என்று ஒரு வாரம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்துவிட்டு வரையலாம். வருவாய்த்துறையை மாற்றினால் உள்ளாட்சியையும் அன்றே மாற்ற வேண்டும். இளையரசனேந்தல் பட்டது போதும். தென்காசி மாவட்டம் தன்னைப் பற்றி வெளியிடும் விளம்பரங்களில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டின் படத்தையும் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: சங்கரன்கோவில், கோவில்பட்டி இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு, இரண்டிலிருந்தும் திருவேங்கடத்துக்குப் பேருந்து கிடைக்கும். தங்குவதும் அந்த ஊர்களில்தான் வசதி. வழியில் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களையும் விட்டுவிட வேண்டாம். அவை எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை. ஆடியில் வராதீர்கள், கார்த்திகை கடைசியில் வாருங்கள். உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் காட்டுக்குள் இறங்காதீர்கள். கரிசல் செருப்பைத் திருப்பித் தராது.